நூறு டிகிரியில் ஒரு ஞானஸ்நானம்

பெங்களூரில் வெயிலுக்குச் சொல்லும் எண்களே எனக்கு முதல் கோடையில் வேடிக்கையாக இருந்தன. காலையில் பத்திரிகையை விரித்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரம்மா கௌரம்மா, "தொண்ணூறும்மா, தொண்ணூறு! எஷ்டு செகெ!" என்று முந்தானையால் விசிறிக்கொள்வார். செகெ என்றால் புழுக்கம். அல்சூர் முழுவதும் அன்றைக்கு அதே பேச்சாக இருக்கும். நான் அடுப்படியில் நின்று விரல்விட்டுக் கணக்குப் போடுவேன். தொண்ணூறில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் மறுபடியும் முப்பத்திரண்டுதான் வரும். புதுச்சேரியில் முப்பத்திரண்டு டிகிரி என்றால் நல்ல கடற்காற்று வீசுகிறது, வடாம் காயப் போட வேண்டாம் என்று அர்த்தம். அதற்காக யாரும் விசிறிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரம்மாவை மறுத்துப் பேசலாமா என்று யோசித்து, நானும் முந்தானையால் கொஞ்சம் விசிறிக்கொள்வேன்.

புதுச்சேரியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். நாம் பள்ளிக்கூடத்தில் கிலோவும் லித்தரும் சென்டிகிரேடும் படித்தவர்கள். கல்யாணமாகி ஓர் இரவு ரயிலில் பயணம் செய்து இறங்கினால் சேர், பவுண்டு, மைல், பாரன்ஹீட். பேச்சு என்னவோ பாதித் தமிழ்தான். ஆனால் எண்கள் எல்லாம் வேறு நாட்டு எண்கள். அன்றைக்கு அது உண்மையிலேயே வேறு நாடாகவும் இருந்தது. நான் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரிலிருந்து வந்தவள் என்று என் கணவர் தாமஸ் சொன்னதும், கௌரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "கப்பல்ல வந்தியாம்மா? வாந்தி பேதி ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். விழுப்புரம் வரை பஸ், அப்புறம் ரயில் என்றேன். அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

நம் ஊரின் எல்லை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். சின்ன வயதில் அப்பாவோடு டவுனிலிருந்து எங்கள் நிலம் இருக்கும் கிராமத்துக்குப் பஸ்ஸில் போவேன். ஒரு புளியமரம் வரை பிரான்ஸ், அந்த மரத்துக்கு அப்பால் இந்தியா, வாய்க்கால் தாண்டினால் மறுபடி பிரான்ஸ். சுங்கச் சாவடியில் பஸ் நிற்கும்போது பெண்கள் எல்லாரும் திடீரென்று குண்டாகத் தெரிவார்கள். ஒவ்வொருவரும் உள்ளே இரண்டு மூன்று புதுப் புடவை சுற்றியிருப்பார்கள். அம்மாவும்தான். சுங்கக்காரர் அம்மாவை உற்றுப் பார்க்கும்போது அப்பா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பார். அவர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்தார். சர்க்கார் ஊழியர் மனைவி புடவை கடத்துவதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவர் வயல்களை அவ்வளவு ரசித்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குப் போக வேண்டியது முறை. ஆனால் அந்த ஐம்பத்துநான்காம் வருடம் கோடை தொடங்கும்போதே எங்கள் பக்கத்துக் கொம்யூன் ஊராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து பிரிந்து, நாங்கள் இந்தியாவோடுதான் என்று அறிவித்துக்கொண்டிருந்தன. டவுன் மட்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. இந்தியா சுற்றிலும் காவலைப் பலப்படுத்தியது. போகவும் வரவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். நான் பத்திரிகையைப் படித்துவிட்டுக் குழம்பிப்போனேன். பள்ளி நாட்களில் விடுதலை ஊர்வலத்தை மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டியவள் நான். இந்தியாவோடு சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இருந்ததில்லை. ஆனால் ஒரு பெரிய தேசம் ஒரு சின்ன ஊரின் வாசலில் வந்து நிற்கும்போது, அந்த வாசலுக்குள் தன் அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கினு பார்டர்ல நிக்கப் போறியா? ஒண்ணும் வாணாம். இங்கியே பெத்துக்கோ" என்றார் தாமஸ். அவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவரின் மகன் என்பதாலோ என்னவோ, மேலே நடக்கும் எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பதறுவேன்.

ஆகவே அம்மா வந்தாள். அவளுக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, புளிப்பானையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்ன முதல் விஷயமே அதுதான். "வேர்க்கடலை புடுங்கலாம்னு ஊருக்குப் போனேண்டி. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நிமிர்றேன், கம்பத்துல வேற கொடி பறக்குது. பக்கத்து வீட்டுக்காரன், 'ஆயா, நீ இப்ப இந்தியாவுல இருக்கே'ங்கிறான். நின்ன எடத்துலயே நின்னேன், தேசம் மாறிப்போச்சு!"

"அப்பா?"

"அவரா? அவரு பிரான்சுல இருக்காரு. இந்தியா கணக்குல எட்டு மைலு."

அப்பா சீட்டுக்கு எழுதிப் போட்டால் கிடைக்கும். அவர் கேட்கமாட்டார் என்றாள் அம்மா. தன் மனைவியைப் பார்க்கத் தான் பிறந்த மண்ணில் நடப்பதற்கு எவனிடம் எதற்குக் கேட்பது என்பது அவர் கட்சி. சாவடியில் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அம்மாவும் நின்று பேசியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு நாட்டுப் போலீஸ். இரண்டு பேருமே எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அம்மா ஊறுகாய் ஜாடியை நீட்ட, இந்தியப் போலீஸ் வாங்கிப் பிரெஞ்சுப் போலீஸிடம் கொடுத்து, அவர் ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்துவிட்டு அப்பாவிடம் சேர்ப்பித்தாராம். "நல்லாருக்கு அத்தேன்னான். அவங்கம்மா எப்பவும் உப்பு பத்தாம போடுவா, பாவம்" என்றாள் அம்மா.

குழந்தை பிறந்தது. பெண். எங்கள் குடும்பத்தில் முதல் குழந்தைக்குத் தாய்வழித் தாத்தாதான் ஞானத்தகப்பன். அவர் கையில் ஏந்தித்தான் கோயிலில் தண்ணீர் ஊற்றுவார்கள். என் அண்ணனையும் அவர் மூத்த மகனையும் அப்படித்தான். பேரப்பிள்ளைக்கு 'மதலேன்' என்ற பெயரை அப்பா என் கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் சட்டம்தான். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அப்பாவுக்குப் பதிலாக வேறு ஒருவர் கையில் கொடுத்து முடித்துவிடலாம் என்றார் தாமஸ். அது தவறில்லை, சபை அனுமதிக்கிறது. ஆனால் அப்பாவின் முதல் பேத்தி. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்பேன். உடனே, அதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று தோன்றும். சரி முடித்துவிடலாம் என்பேன். தாமஸ் சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கக் கிளம்பும்போது, வாசல்வரை போய் நிறுத்துவேன். மூன்றாம் முறை அவர் சட்டையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "இருக்கட்டும், மாட்டினே இருக்கேன். முடிவு பண்ணிட்டு சொல்லு."

அம்மாவுக்கோ பெயரைப் பற்றித்தான் சண்டை. "மதலேனாம்! தொரை வூட்டு நாய்க்குட்டிக்கு வெக்கிற பேரு. அந்தோணியம்மான்னு வெச்சா என்னவாம்?"

மூன்றாம் வாரத்தில் ஒரு மத்தியானம் குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கியது. தொட்டால் சூடு. தாமஸ் ஆபீஸில் இருந்தார். நான் ஓடிப்போய்க் கௌரம்மாவை அழைத்து வந்தேன். அவர் கணவர் கம்பவுண்டர் என்பதால் அவர்களிடம் தெர்மாமீட்டர் உண்டு. கௌரம்மா குழந்தையின் அக்குளில் அதை வைத்து, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூறு" என்றார்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நம் தாய்மார்களுக்குத் தெரிந்த காய்ச்சல் கணக்கு ஒன்றுதான். முப்பத்தெட்டு என்றால் கஷாயம், முப்பத்தொன்பது என்றால் டாக்டர், நாற்பது என்றால் சாமியார். தினமும் வெயிலுக்கு விரல்விட்டுக் கணக்குப் போட்ட எனக்கு அந்த நிமிடம் கழித்தலும் வரவில்லை, வகுத்தலும் வரவில்லை. நூறு என்ற சொல் மட்டும் காதில் நின்றது. நான், "அம்மா, நூறாம்!" என்று கத்திவிட்டேன்.

அம்மா கேள்வி கேட்கவில்லை. குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டாள். குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து இடக்கையில் சாய்த்துக்கொண்டாள். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததை அறுபது வயதில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "மதலேன், பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்." சொல்லச் சொல்லத் தண்ணீர் மூன்று முறை அந்தச் சின்னத் தலையில் விழுந்தது. குழந்தை வீல் என்று அலறியது. அம்மா அந்தோணியம்மா என்று சொல்லவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

கௌரம்மா தெர்மாமீட்டரோடு அப்படியே நின்றார். "ஏன்ம்மா, உங்க பிரான்ஸ் தேசத்துல ஜுரம் வந்த மகுவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

"நூறுன்னு சொன்னீங்களேம்மா!"

"நூறுதானே? ஸ்வல்ப ஜுரம். என் பசங்க நூறுல கோலி ஆடப் போவாங்க. அந்த ரெண்டு கம்பளியை மொதல்ல எடும்மா, வெந்துபோகுது!"

கம்பளியை எடுத்தோம். ஈரத் தலையைத் துடைத்தோம். சாயங்காலம் தாமஸ் வரும்போது குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் அது மறுபடி எழுந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைக் கோபித்துக்கொண்டேன். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒருமுறைதான். அப்பாவின் கைக்கென்று காத்து வைத்திருந்ததை நாங்கள் ஒரு தப்புக் கணக்கில் செலவழித்துவிட்டோம்.

மறுநாள் சாமியார் அம்மாவை உட்காரவைத்து விசாரித்தார். "தண்ணி தலையிலதான ஊத்துனீங்க? ஊத்தறப்பவே வார்த்தையும் சொன்னீங்களா? ரெண்டும் ஒரே ஆளுதான?"

"நான் என்ன நேத்து வந்த கிறிஸ்துவளா, சாமி?"

"அப்ப செல்லும். திரும்ப ஊத்த முடியாது."

நான் அழ ஆரம்பித்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எட்டு மைலையும் சீட்டையும் மதலேனையும் எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "எதுக்கும்மா அழற? புள்ளைக்குத் தண்ணி கெடச்சிருச்சு, இனிமே பயம் இல்ல. ஆனா உப்பு, எண்ணெய், வெள்ளத் துணி, மெழுகுவத்தி, எல்லாச் சடங்கும் இன்னும் கோயில்லதான இருக்கு? அத ஒங்கப்பா கையில வெச்சே செய்யலாம். அதுக்கு அவசரமே கெடையாது. பிரெஞ்சுக்காரன் போற வரைக்கும்கூட காத்திருக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா நிமிர்ந்து நடந்தாள். "பார்த்தியா, நான் ஊத்தினதாலதான் உங்கப்பனுக்குத் தவணை கெடச்சுது." முந்தின நாள் அவளைக் கோபித்துக்கொண்டது சரியா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது. மேரி அலுவலகப் பாணியில், மார்ஜின் விட்டு, கோடு போட்டு எழுதியிருந்தார். 'நூறு பாரன்ஹீட் என்பது முப்பத்தேழு புள்ளி எட்டு. அதற்குக் கஷாயமே அதிகம். உன் தாயிடம் சொல். பெயருக்கு நன்றி என்றும் சொல்.'

ஐப்பசியில் பேச்சுவார்த்தை முடிந்தது. நவம்பர் முதல் தேதி டவுனிலும் கொடி மாறியது. கௌரம்மா ஒரு தட்டு மைசூர்பாகோடு வந்து, "உங்க ஊர் நம்ம ஊர் ஆச்சும்மா" என்று என் வாயில் ஊட்டினார். நான் தின்றேன், சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே. அப்புறம் அடுப்படிக்குப் போய், 'நம்ம ஊர்' என்று இத்தனை நாளாக நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அதே மாதம் அப்பா வந்தார். வெள்ளைக் கோட்டும் தொப்பியும், கையில் காகிதத்தில் சுற்றிய நீள ரொட்டி இரண்டு. வழியிலேயே அவை விறகாகிவிட்டிருந்தன. அம்மா பிளாட்பாரத்தில் அவரை ஏற இறங்கப் பார்த்து, "இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நீ இந்தியாவில் நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறாய்" என்றார் அப்பா. அவர் அம்மாவிடமும் புத்தகம் மாதிரிதான் பேசுவார். ஜட்காவில் வீடு போகும்வரை அம்மா அவர் கோட்டில் இருந்த ரயில் கரியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு. குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். தலை நிறைய முடி, கையில் அகப்பட்டதை எல்லாம் இழுக்கும் வயசு. இந்தச் சடங்கு கோயிலுக்கு உள்ளே தொடங்குவதில்லை. குழந்தையை வாசற்படிக்கு வெளியே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சாமியார் உள்ளேயிருந்து வந்து கேள்விகள் கேட்பார். அப்பா தொப்பியைத் தாமஸிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஊருக்கே கேட்கும்படி லத்தீனில் பதில் சொன்னார். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். கௌரம்மா செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் சாமியார் தன் தோளில் தொங்கிய துணியின் நுனியைக் குழந்தையின் மேல் போட்டு, உள்ளே வரும்படி சொன்னார். அப்பா ஓர் அடி எடுத்து வைத்து, படியின் மேலேயே நின்றுவிட்டார். அம்மா முதுகில் விரலால் குத்தி, "போங்களேன், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள். ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. என் மகளின் தலை தாத்தாவின் முழங்கையில், கோயிலின் நிழலுக்குள் இருந்தது. அவளுடைய இரண்டு பாதங்களும் வாசலுக்கு வெளியே, பெங்களூரின் வெயிலில், யாருக்காகவும் நிற்காமல் உதைத்துக்கொண்டிருந்தன.