பாடாத கலைமான்

எத்னா தன் மகன் கோனலை முதன்முதலில் லாண்டரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, இயந்திரங்களின் இரைச்சல் தாங்காமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு கிடையாது. கடைக்காரி டிம்ப்னா அத்தனை இயந்திரங்களையும் நிறுத்தினாள். பிறருடைய துணி ஈரமாகவே கிடக்க, அவனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமலே துண்டுகளை மடித்தாள். கடைசித் துண்டை மடித்தது கோனல்.

டிம்ப்னா கார்வி கல்யாணம் செய்துகொள்ளாதவள். மேயோ பக்கத்துச் சின்ன ஊரில், கத்தோலிக்கக் கோவிலுக்கு எதிரே, அப்பா விட்டுப்போன லாண்டரியை நடத்தினாள். கோவில் பீடத்தில் விரிக்கும் துணிகளைக் காசு வாங்காமல் வெளுத்துக் கொடுப்பாள். சிடுமூஞ்சி என்று பேர். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கியதும், கடை வாசலில் பெரிய துணிக்கூடை ஒன்றை வைத்து, கோனலைப் போன்ற பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை போடும்படி எழுதி ஒட்டினாள். ஊரும் தாராளமாகப் போட்டது.

எத்னாதான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். புதுப் பொம்மையின் வாசனை கோனலுக்கு ஆகாது, அதன் கழுத்தில் தைத்த சீட்டு உறுத்தும், அது திடீரென்று பாடினால் தலையை மோதிக்கொள்வான், ஏதாவது செய்ய முடியுமா என்றாள். நான் கேட்டதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், தானம் வாங்குகிறவளுக்கு இத்தனை நிபந்தனையா என்பார்கள் என்றும் சொன்னாள். டிம்ப்னா தலையாட்டினாள். ஒவ்வொரு பொம்மையையும் வாசனையில்லாத சோப்புத்தூளில் துவைத்து, சீட்டைக் கத்தரித்து, பாடுகிறவற்றின் வயிற்றைப் பிரித்துப் பாட்டுப்பெட்டியை எடுத்துவிட்டு, திரும்பத் தைத்து வைத்தாள்.

கோவிலின் பங்கு மண்டபத்தில் பொம்மை கொடுத்த அன்று, கோனல் ஒரு கலைமானை மடியில் வைத்து, அதன் காதைத் தன் கன்னத்தில் தேய்த்தபடி அமைதியாக ஆடிக்கொண்டிருந்தான். அதை வாங்கிப் போட்டவள் மிஸஸ் டெவானி. மதுக்கடைக்காரி. எத்னா குடியிருந்த வீடும் அவளுடையதுதான். படம் எடுக்க வந்தவள் மானின் வயிற்றை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. பிள்ளை கையிலிருந்து பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். தையல் தெரிந்தது.

"நான் புதுசா வாங்கிப் போட்டேன். இது யார் வீட்டுப் பழசு, டிம்ப்னா? என் மானை வித்துத் தின்னுட்டீங்களா?"

"கிறிஸ்துமஸுக்கு மான்கறி ஆக்கியிருப்பா," என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, மண்டபமே சிரித்தது.

பறிபோன மானுக்காகக் கோனல் அலறினான். பாட்டு வராமல் பிள்ளை எப்படித் துடிக்கிறது பாருங்கள் என்றாள் மிஸஸ் டெவானி.

டிம்ப்னா கொடுத்த வாக்கை மீறவில்லை. எத்னாவை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். எத்னாவின் ஒரு சொல் போதும். அவளுக்கோ வீடு ஞாபகம் வந்தது. குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கோனலின் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

மதுக்கடையிலிருந்து ஆள் விட்டு, பாடுகிற மான் ஒன்றை வரவழைத்துக் கோனல் கையில் திணித்தார்கள். அது பாடியது. அவன் தரையில் நெற்றியை முட்டினான், மறுபடி முட்டினான். சட்டைக்கையில் பிள்ளையின் ரத்தத்தோடு, "ரொம்ப நன்றி, மிஸஸ் டெவானி," என்றாள் எத்னா.

அதற்குப்பின் லாண்டரிக்குத் துணி வருவது குறைந்தது. பீடத் துணியும் வேறு கைக்குப் போனது. கூடை மதுக்கடை வாசலுக்குப் போனது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிவதற்குள் டிம்ப்னா கடையை மூடினாள். தங்கையோடு இருக்க ஸ்லைகோவுக்குப் புறப்பட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது எத்னா வந்து, வீடு, வாடகை என்று என்னென்னவோ சொல்லி அழுதாள். ஆண்டவர் அறிவார், அது பொய்யழுகை இல்லை.

டிம்ப்னா மிச்சமிருந்த சோப்புத்தூளை அவள் கையில் வைத்தாள்.

"இது இங்க வேற எங்கயும் கிடைக்காது, வச்சுக்க. உன் பிள்ளைக்குப் பேச்சு வராது, எத்னா. அதை நான் ஒருநாளும் குறையா நினைச்சதில்ல. உனக்கு வரும்."