ஜெபமாலை நேரத்தில் தோற்ற ஆட்டங்கள்

கல்லூரிக் கடைசி வருஷப் பிராஜெக்ட்டுக்கென்று என் மகள் ஒரு செஸ் புரோகிராம் எழுதினாள். அதோடு ஆட என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் ஏர்போர்ட் சரக்கு ஷெட்டில் இடைவேளை தவறாமல் ஆடிக் கை பழகியிருந்தது.

"நல்லா அடிச்சுத் தோற்கடிங்கப்பா. தோத்தாத்தான் அது படிக்கும்" என்றாள்.

ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு அது மூளையைச் செலவழிக்காதாம். எப்படியெல்லாம் தொடங்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தோற்றால், அன்று தொடங்கிய விதத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளும். ஜெயித்தால் கூட்டும். மறுநாள் மதிப்பெண் கூடியதைத்தான் எடுக்கும்.

இதைக் கேட்டு என் மனைவி சொன்னாள்: "சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு மறுநாளே அதே பாவத்துக்குப் போற உங்களுக்கு இது எவ்வளவோ தேவலை."

தினமும் வேலை முடிந்து ஆறரைக்கு டெல்லி துவாரகா வீட்டுக்கு வந்ததும் ஆட உட்காருவேன். அது நிதானமாக யோசிக்கும். ஏழு மணிக்கு நாங்கள் ஜெபமாலை சொல்ல வேண்டும். மாதா படத்துக்கு முன்னால் லேப்டாப் மினுக்கிக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று மூடிவைப்பேன். பாதியில் ஓடுகிற மாதிரி இருக்கக் கூடாதே என்று, என் காயை நகர்த்திவிட்டுத்தான் மூடுவேன். ஜெபம் முடிந்து திறந்தால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும். ஓகே அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். மகள் கல்லூரியிலிருந்து வர எட்டாகும்.

மூன்று வாரம் போனது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை அழகாக நகர்த்தித் தொடங்கிய புரோகிராம், இப்போது ஓரத்தில் யானைக்கு முன்னால் நிற்பதைத் தள்ளிக்கொண்டிருந்தது. நேற்றுக் கற்றவன்கூட அப்படி ஆட மாட்டான். வெள்ளிக்கிழமை அதை வாத்தியார்முன் ஆடிக்காட்ட வேண்டும், மார்க்கெல்லாம் அதில்தான். பிள்ளை அழுதுவிட்டாள். உட்கார்ந்து பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பா, எல்லாமே ஏழு மணிக்கு மேலதான் தோத்திருக்கு. ஏழு மணிக்கு என்ன பண்றீங்க?"

"ஜெபமாலை சொல்லுவோம்."

"லேப்டாப்பு?"

"மூடி வைப்பேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க நகர்த்திட்டு மூடுனா அடுத்து அதோட முறைதாம்ப்பா. மூடி வச்சா அதால யோசிக்க முடியாது, ஆனா ஆட்டக் கடிகாரம் நிக்காம ஓடும். நேரம் போனா தோல்வின்னு எழுதிக்கும். பாவம், நல்லாத் தொடங்குனதையெல்லாம் தப்புன்னு நினைச்சிருக்கு."

அதனிடம் மன்னிப்புக் கேட்காத குறைதான் எனக்கு. என் மனைவிக்கோ சிரிப்பு. "நல்லவேளை, ஜெபமாலையில அம்பத்துமூணு மணிதான் உருட்டுதோம். பெரிய ஜெபமாலை நூத்தம்பத்துமூணு மணியும் சொன்னா அது செஸ்ஸையே விட்டிருக்கும்."

நேரம் போய்த் தோற்றதைக் கணக்கில் எடுக்காதே என்று மகள் அதற்கு எழுதிக்கொடுத்தாள். கற்றதையெல்லாம் அழித்தாள். மிச்சமிருந்த நான்கு நாளும் நான் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே அதோடு ஆடினேன். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த மனைவியும் ஆடினாள். குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாதவள். புரோகிராமுக்கு அவளால் நிறைய வெற்றி.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் இருந்தபோது மகள் போன் செய்தாள்.

"அப்பா, முதல் ஆட்டத்துல சார் ஜெயிச்சுட்டாரு."

"ஐயோ, மாதாவே!"

"இருங்கப்பா. ரெண்டாவதுலயும் அதே தொடக்கம் வரும்னு சார் காத்திருந்தாரு. வரல, வேற மாதிரி ஆடுச்சு! தோத்ததுலருந்து படிச்சிருச்சேன்னு சார் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருப்பா."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, கூட வேலை செய்யும் பீகார்க்காரர் பதறி என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே, என் மகளோட மெஷின் தோத்துப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.