மேஜை முழுக்க மூலை

பித்தளைக்குப் புளி போட்டால் பளபளக்கும். பளிங்குக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது காசிம் பீவிக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஷாஜியாவுக்கு நிக்காஹ். சீரோடு போகவேண்டிய அண்டா, தாம்பாளமெல்லாம் துலக்கியபின் புளிக்கரைசல் மிச்சமிருந்தது. சீரில் போகும் பளிங்கு மேஜைமேல் அதையும் ஊற்றித் தேய்த்து, ஊறட்டும் என்று விட்டுத் தொழப் போனாள். திரும்பி வந்து கழுவினால், மேஜை தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது. அவளுடைய உம்மா கொடுத்த மேஜை அது.

புருஷன் முகம்மது கவுஸ் மொசைக் மேஸ்திரி கண்ணாயிரத்தைத் தேடி ஓடினார். மேஸ்திரி ஊரில் இல்லை. எண்பத்தேழு செப்டம்பர் அது; இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வேலைக்குப் போன மேஸ்திரி, தரை தேய்க்கும் மிஷினோடு எலவனாசூர்கோட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் கவுஸ் அவருடைய கையாள் பாப்பாத்தியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

பாப்பாத்திக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாக மேஸ்திரியிடம் வேலை. அவர் மிஷின் ஓட்டுவார். மிஷின் போகாத மூலை, படி, கதவோரமெல்லாம் இவள் குந்தி உட்கார்ந்து பாலிஷ் கல்லால் தேய்ப்பாள். முட்டி காய்த்துப்போயிருந்தது. வேலை முடிந்தால் ஊரார் "கண்ணாயிரம் போட்ட தரை" என்பார்கள். ஒரே ஒரு வேலையாவது "பாப்பாத்தி போட்டது" என்று யாராவது சொல்லிக் கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. தனியாக ஒரு வேலை கேட்டபோது மேஸ்திரி சிரித்திருந்தார்.

"மேஸ்திரி எப்ப வருவாரும்மா?"

"மரத்த எடுத்தாத்தான் பாய். இன்னா சங்கதி?"

கவுஸ் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நானே வரேன்."

"நீயா? நீ மூலைங்க தான தேய்ப்ப?"

"உங்க மேஜை மேல மிஷின் ஏறுமா பாய்? ஏறாது. அப்ப மேஜை முழுக்க மூலைதான்."

மேஸ்திரி தூக்கி எறிந்த தேய்ந்த கல்துண்டுகளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

காசிம் பீவி கறாராகப் பேசினாள். "ஒரு மூலையத் தேச்சுக் காட்டு. புடிக்கலன்னா அப்பிடியே போய்க்கினே இருக்கணும்."

பாப்பாத்தி ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் தடவி, சொரசொரப்பானதிலிருந்து வழவழப்பானது வரை ஏழு கல்லை வரிசையாக வைத்தாள்; கல்லுக்கு ஒரு கழுவல். விரல் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு மூலையில் திட்டு மறைந்தது. காசிம் பீவி டீ போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பஸ் இல்லாததால் தெருவுக்கே வேலையில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி பாப்பாத்தி, நிக்கா ஷாஜியாவுக்கா மேஜைக்கா? இந்தக் குளி குளிப்பாட்டற!"

"பொண்ணுக்கு ஒரு தலைமுழுக்கு போதும்க்கா. இதுக்கு ஏழு."

மத்தியானம் தண்ணீர் வழிய மேஜை மின்னியது. கூட்டம் கை தட்டியது. துணியால் துடைத்தாள். காய்ந்ததும் நட்டநடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் தெரிந்தது. புளி போட்ட கறையில்லை. அவளே போட்ட கீறல். அவசரத்தில் மேஜை நடுவில் மட்டும் வரிசையில் ஒரு கல்லைத் தாண்டிவிட்டிருந்தாள்; முந்தின கல் போட்ட கோடு அப்படியே நின்றுவிட்டது.

"போச்சு" என்றாள் காசிம் பீவி.

அழுதால் கீறல் போகாது என்று பாப்பாத்திக்குத் தெரியும். சோறு கேட்டாள், சாப்பிட்டாள், தாண்டிய கல்லை எடுத்துக்கொண்டு நடுவிலிருந்து மறுபடி தொடங்கினாள். கடைசியில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பாலிஷ் பவுடரைத் தூவி, ஈரச்சாக்கால் தேய்த்தாள். துடைத்துக் காயவிட்டு, இந்தமுறை விளிம்பில் கன்னத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். கீறல் இல்லை.

"குனிஞ்சு பாருங்க பீவிம்மா. மூக்குத்தி தெரியுதா?"

காசிம் பீவி குனிந்தாள். "மூக்குத்தி தெரியுது. மூஞ்சியும் தெரியுது. அல்லாவே, எவ்ளோ கிழவி ஆய்ட்டேன்!" தெருவே சிரித்தது.

ஞாயிறு காலை, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் மேஸ்திரி. தெருவில் சீர் வண்டி மேஜையோடு நின்றிருந்தது; நிக்காஹுக்கு வந்த பாப்பாத்தியும் பக்கத்தில் நின்றாள். மேஜையைத் தடவிப் பார்த்தார்.

"யார் போட்டது பாய்?"

"பாப்பாத்தி போட்டாங்க" என்றார் கவுஸ். நேற்றுவரை நீ, வா, போ என்றவர்தான்.

மேஸ்திரி ஒவ்வொரு முனையாகக் குனிந்து பார்த்தார். "மூலையெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார், மனசில்லாமல்.

மாப்பிள்ளையின் மாமா உள்ளூரிலேயே டீக்கடை வைத்திருப்பவர். அவர் வண்டிக்கு மறுபக்கத்திலிருந்து எட்டிக் கேட்டார்: "எம்மா, எங்கடையில ஆறு பளிங்கு மேஜ கீது. டீக்கறை. நாளைக்கு வர்றீங்களா?"

"வரேங்க" என்றாள் பாப்பாத்தி. பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "நாளைக்கு மூலைக்கு வேற ஆள் பாத்துக்குங்க மேஸ்திரி."

சொல்லிவிட்டுப் பிரியாணி வாசம் வந்த பந்தலுக்கு நடந்தாள். நல்ல பசி.