சிவப்பு அங்கியை எடுத்து வைத்த கிளிஃபர்ட்

கெல்டர்பரி பேராயருக்குக் கார் ஓட்டிய கிளிஃபர்ட் ஸ்டான்ஸ்ஃபீல்டைக் கேட்டால், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தவறுதான் செய்ததாகச் சொல்வார். அவர் மனைவி மேவிஸைக் கேட்டால், முதலில் உங்களுக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டு, அப்புறம் ஆரம்பிப்பார்.

கிளிஃபர்ட் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினார். பஸ்களைக் குறைத்தபோது அவரையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். அப்புறம்தான் பேராயரிடம் வேலை. கார் துடைப்பது, பேராயரைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது, அங்கிப் பெட்டியைச் சுமப்பது, அவ்வளவுதான் வேலை. மூன்றிலும் கனமானது பெட்டிதான். லண்டனில் பார்லிமென்டின் பிரபுக்கள் சபையில் பேராயர்களுக்கு இடம் உண்டு, பேச்சு உண்டு, ஓட்டும் உண்டு. ஆனால் அங்கி போடாமல் உள்ளே போய் வாயைத் திறக்க முடியாது. அங்கி இல்லாத பேராயர் அங்கே வெறும் உயரமான ஆள்.

உள்ளே வெள்ளை நீளங்கி, மேலே கையில்லாத மேலங்கி. ஊர்க் கோயில்களில் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபிக்கிற திடப்படுத்தல் சடங்கின்போது மேலங்கி சிவப்பு. பிரபுக்கள் சபைக்குப் போனால் கறுப்பு. பதினொரு வருஷத்தில் கிளிஃபர்ட் இதில் ஒருநாள்கூடப் பிசகியதில்லை. வெள்ளை அங்கிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது மேவிஸ். அவர் மத்தியானம் டீயும் பிஸ்கட்டுமாக டிவி முன்னால் உட்கார்ந்து சபை நடப்பதைப் பார்ப்பார். நாடே முழுகிப் போகிற மசோதாவானாலும் அவருக்கு ஒரே கவலை, பேராயரின் அங்கிக் கை மடிப்பு நிற்கிறதா இல்லையா என்பது.

பேராயர் ஓஸ்வின் பிளேக்லாக் ஆறடி மூன்றங்குலம். முன்பு சிறைச்சாலையில் போதகராக இருந்தவர். சிறைக் கைதிகளின் பிள்ளைகள், பள்ளி லீவு நாட்களில் சாப்பாடு இல்லாத பிள்ளைகள், சொந்தம் யாருமில்லாமல் செத்துப் போகிறவர்களின் அடக்கம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு சபையில் எழுந்து நிற்பார். விஷயமெல்லாம் நல்ல விஷயம். குரல்தான் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். காரின் பின் சீட்டில் ஒத்திகை பார்ப்பார்.

"எப்படி இருக்கு கிளிஃபர்ட்?"

"நல்லா இருக்கு ஐயா. நான் வண்டி ஓட்டலேன்னா தூங்கியிருப்பேன்."

"எந்த இடத்துல தூக்கம் வந்துச்சு?"

"'மாண்புமிகு பிரபுக்களே'ங்குற இடத்துல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ கிராமத்துக் கோயிலில் பதினான்கு பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் முடித்துத் திரும்பும்போது பேராயர் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை மசோதாவுல நம்ம திருத்தம் வருது. அந்தக் காலத்துல செத்துப் பொறந்த பிள்ளைங்கள ஆஸ்பத்திரியே எடுத்துக்கிட்டுப் போயி எங்கயோ புதைச்சாங்கல்ல, அந்த இடத்தப் பெத்தவங்களுக்குச் சொல்லணும்னு கேக்கப் போறேன். பொதுக் கல்லறை ரெஜிஸ்டர்ல எல்லாம் இருக்கு. யாரும் காட்ட மாட்டேங்குறாங்க."

கிளிஃபர்ட் வேகத்தைக் குறைத்தார். பேராயர் அதைக் கவனிக்கவில்லை. அவர் காகிதத்தில் ஏதோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், எட்டாவது மாதத்தில், மேவிஸுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. நர்ஸ் துண்டில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். ஒரு கிளார்க் காகிதத்தை நீட்டினார், "நாங்க எல்லாம் பாத்துக்குறோம், மிஸ்டர் ஸ்டான்ஸ்ஃபீல்ட்." இருபத்தி நாலு வயது கிளிஃபர்ட் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் மேவிஸிடம் சொன்னார்: "இனிமே இதப் பத்திப் பேச வேண்டாம்." அதை அன்பு என்று நினைத்துத்தான் சொன்னார். மேவிஸ் சரி என்றார். வேறு பிள்ளை வரவில்லை. பேச்சும் வரவில்லை. தன் மகள் எந்த மண்ணில் கிடக்கிறாள் என்று தெரியாமலேயே அந்த ஊர்த் தெருக்களில் அவர் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி கட்டும்போது கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. கண் வேறு எங்கோ இருந்தது.

மத்தியானம் இரண்டரைக்குச் சபை ஜெபத்தோடு தொடங்கியது. அந்த நேரம் பிரபுக்கள் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி, பெஞ்சில் முழங்காலை ஊன்றிச் சுவரைப் பார்ப்பார்கள். வாத்தியார் தண்டனை கொடுத்த வகுப்பு மாதிரி இருக்கும். அந்த வாரம் ஜெபம் படிக்கிற முறை ஹெஸ்டர் என்ற பெண் பேராயருக்கு. அவர் சபைக்குள் ஜெபம் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அங்கி மாட்டும் அறையில் கிளிஃபர்ட் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே தக்காளிப் பழம் மாதிரி சிவப்பு.

பேராயர் பார்த்தார். கிளிஃபர்ட்டும் பார்த்தார்.

"கிளிஃபர்ட், இத மாட்டிக்கிட்டு உள்ள போனா என்னையக் கிறிஸ்துமஸ் தாத்தான்னு நெனச்சு எல்லாரும் லிஸ்ட் குடுப்பாங்க."

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"பரவால்லப்பா, யார்ட்டயாவது கடன் வாங்கிக்கலாம். ஆனா பதினோரு வருஷத்துல நீங்க ஒரு தடவகூட... உடம்பு சரியில்லையா?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு ஐயா" என்றார் கிளிஃபர்ட்.

"என்னது?"

"பிள்ள. நீங்க இன்னைக்குப் பேசப் போறீங்கல்ல, அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு. எங்கன்னு தெரியல. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பேராயர் அந்த நீள உடம்பை மடக்கி அங்கே கிடந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். கிளிஃபர்ட் மார்ச் மாதத்தைச் சொன்னார், துண்டைச் சொன்னார், கிளார்க்கைச் சொன்னார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம்கூட இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் அடக்கி வைத்தது அவ்வளவுதானா என்று அவருக்கே ஒருமாதிரி இருந்தது.

அதற்குள் ஹெஸ்டர் அம்மா ஜெபம் முடித்து வந்துவிட்டார். சிவப்பைப் பார்த்தார், இரண்டு ஆண்களின் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் தன் கறுப்பு மேலங்கியைக் கழற்றி நீட்டினார். அவர் உயரம் ஐந்தடி.

"உங்களுக்கு முழங்கால் வரைக்கும்தான் வரும் ஓஸ்வின். உள்ள போனதும் பட்டுன்னு உக்காந்துருங்க."

சுவரில் இருந்த திரையில் சபையின் கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முடிய இன்னும் இருபது நிமிஷம். அதன்பின் மசோதா. முதல் திருத்தமே பேராயருடையது.

"கிளிஃபர்ட், நீங்க சொன்னத நான் உள்ள சொல்லலாமா?"

"சொல்லுங்க ஐயா. எங்க பேர் மட்டும் வேணாம்."

"மேவிஸ் டிவி பாத்துக்கிட்டிருப்பாங்களே."

"ஆமா. உங்க கைய பாக்க."

"அப்ப முதல்ல அவங்கள்ட்ட கேளுங்க. இது உங்க கதை மட்டும் இல்ல. அவங்க வேணாம்னா வேணாம். எங்கிட்ட புள்ளிவிவரம் நிறைய இருக்கு, எல்லாரையும் தூங்க வச்சுட்டு வந்துருவேன்."

இப்படி ஒரு வழியை கிளிஃபர்ட் எதிர்பார்க்கவில்லை. பேராயரிடம் சொல்வது லேசாக இருந்தது. மேவிஸிடம் சொல்வது அப்படி இல்லை. வெளியே கல் தாழ்வாரத்துக்குப் போய் மூன்று தடவை போனை எடுத்து மூன்று தடவை பையில் வைத்தார். நாலாவது தடவை போட்டுவிட்டார்.

"என்ன கிளிஃப்? அவரு இன்னும் உள்ள வரல? கை மடிப்பு கலஞ்சுருச்சா?"

"இல்ல. நான் சிவப்ப எடுத்து வச்சுட்டேன்."

மேவிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அட கிறுக்கா! பக்கத்து வீட்டுக்குச் சொல்லட்டுமா?"

"மேவிஸ், அந்தப் பிள்ளையப் பத்தி..."

சிரிப்பு நின்றது. எந்தப் பிள்ளை என்று மேவிஸ் கேட்கவில்லை. டிவியின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு மேவிஸ் அதையும் அணைத்தார்.

"நீதான பேச வேண்டாம்னு சொன்ன."

"ஆமா."

"நான் பேசலியே."

"நீ பேசல. நான்தான் தப்பு. இன்னைக்கு பேராயர் அதச் சொல்லட்டுமான்னு கேக்குறார். நம்ம பேர் வராது. நீ வேணாம்னா..."

 கிளிஃபர்ட் தாழ்வாரத்துத் தரையில் இருந்த கட்டங்களை எண்ணினார்.

"சொல்லச் சொல்லு" என்றார் மேவிஸ். "ஆனா 'ஒரு குழந்தை'ன்னு சொல்லக் கூடாது. அவளுக்குப் பேரு இருக்கு."

"பேரா?"

"லின்னெட். அன்னைக்கே வச்சுட்டேன். ஒங்கிட்ட எங்க சொல்ல விட்ட?"

கிளிஃபர்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். அறுபத்தாறு வயதில், மகளின் பெயர் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பேராயர் உள்ளே போனபோது சில பிரபுக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கறுப்பு முழங்காலோடு நின்றுவிட, அதற்குக் கீழே வெள்ளை கணுக்கால் வரை இறங்கியிருந்தது. எதிர் பெஞ்சில் ஒரு முதிய பிரபு பக்கத்து ஆளிடம், "சலவைக்காரன் சுருக்கிட்டான் போல" என்றது பார்வையாளர் மாடியில் இருந்த கிளிஃபர்ட்டின் காதிலேயே விழுந்தது. பேராயர் காகிதங்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தார்.

"பிரபுக்களே, என் மறைமாவட்டத்தில் ஒரு தாய் நாற்பத்திரண்டு வருடங்களாக ஒரு பெயரை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. இன்று அவர் அனுமதியோடு இங்கே அதைச் சொல்கிறேன். லின்னெட். இந்தச் சபையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அச்சாகிறது. ஆகவே இன்று முதல் அந்தப் பெயர் இந்த நாட்டின் ஒரு காகிதத்திலாவது இருக்கும். இனி அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லுங்கள்."

இரண்டு நிமிஷம்தான் பேசினார். அங்கியைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. அமைச்சர் எழுந்தார். மனம் நெகிழ்ந்தது என்றார், சிக்கல்கள் உண்டு என்றார், ஆராய்வோம் என்றார். பேராயர் மறுபடி எழுந்தார்.

"என் திருத்தத்தைத் திரும்பப் பெற அனுமதி கோருகிறேன்."

கிளிஃபர்ட் மாடியில் எழுந்துவிட்டார். மேவிஸின் வாயிலிருந்து அதை வாங்கி வந்து கொடுத்தோமே, இவர் திரும்பப் பெறுகிறாராம்! மாடிப் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்து வாயிற்காவலர் ஒருவர், "மெதுவா, சார்" என்றார். அங்கி அறையில், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, பேராயரிடம் குரலை உயர்த்தினார்.

"எதுக்கு ஐயா கேட்டீங்க? எதுக்கு அவள பேச வச்சோம்? ரெண்டே நிமிஷத்துல வாபஸ் வாங்குறதுக்கா?"

"உக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

"சரி, நில்லுங்க. நின்னுக்கிட்டே கேளுங்க. இன்னைக்கு ஓட்டுக்கு விட்டிருந்தா தோத்திருப்போம். தோத்தா இந்த மசோதாவுல மறுபடி கொண்டு வர முடியாது. வாபஸ் வாங்குனா அடுத்த கட்டத்துல கொண்டு வரலாம். இங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. அத முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்பு."

கிளிஃபர்ட் உட்கார்ந்தார். கோபம் போய்விடவில்லை, ஆனால் வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று.  ஊருக்குத் திரும்பும் வழியில் ஒத்திகை இல்லை.

அடுத்த கட்டத்தில் அமைச்சர் இன்னும் கொஞ்சம் நெகிழ்ந்தார், அவ்வளவுதான், மசோதா திருத்தம் இல்லாமலே போனது. அடுத்த வருஷம் வேறு ஒரு மசோதா வந்தது. அதற்குள் ஓஸ்வின் பிளேக்லாக்குக்கு எழுபது ஆகிவிட்டது. எழுபது ஆனால் பேராயருக்குப் பதவியும் போகும், சபையில் இடமும் போகும். அதனால் ஹெஸ்டர் அம்மா திருத்தத்தைக் கொண்டு வந்த அன்று, பார்வையாளர் மாடியில் பழைய ஸ்வெட்டரோடு கிளிஃபர்ட்டுக்குப் பக்கத்தில்தான் ஓஸ்வின் உட்கார்ந்திருந்தார். பேச முடியாமல் கால் ஆட்டிக்கொண்டே இருந்தார். கிளிஃபர்ட் இரண்டு தடவை அந்த முழங்காலைப் பிடித்து அமுக்கினார். இந்தத் தடவை ஓட்டெடுப்பு நடந்தது. பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

அது சட்டமாகி, புதைத்த இடத்தைச் சொல்லும் கடிதம் வர மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. வடக்குக் கல்லறைத் தோட்டம், எஃப் பிரிவு, ஒரு எண். கிளிஃபர்ட்டின் பழைய பஸ் தினமும் எட்டுத் தடவை அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் போயிருக்கிறது. அதை அவர் மேவிஸிடம் சொன்னபோது மேவிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 

ஏப்ரலில் ஒரு காலை இருவரும் போனார்கள். கல் இல்லை, மேடு இல்லை, வேலியோரம் வெறும் புல். காவலாளி வரைபடத்தைப் பார்த்து நான்கு மூலைக்கும் குச்சி நட்டுக் கொடுத்தார். "மொத்தம் ஏழு பிள்ளைங்கம்மா, ஒரே குழியில" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போனார்.

மேவிஸ் நின்றார். கிளிஃபர்ட்டும் நின்றார்.

"நீ இன்னும் ஒரு தடவகூட அவளக் கூப்பிடல கிளிஃப்."

கிளிஃபர்ட் புல்லைப் பார்த்து, "லின்னெட்" என்றார். அது பாதிதான் வெளியே வந்தது.

"சத்தமா கூப்பிடு" என்றார் மேவிஸ். "மத்த ஆறு பேரும் கேக்கட்டும். அவங்களக் கூப்பிட யார் வந்தாங்க?"

கிளிஃபர்ட் தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.