ஒன்பது ரெங்கசாமி

நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்றில் பிறந்த கலாராணி, பள்ளியில் உயர்தரப் படிப்பு முடித்த கையோடு லூபஸ் நோய் பற்றிய ஆய்வொன்றில் தகவல் திரட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த நோய் ஒருத்திக்கு முகத்தில் சிவந்த தடிப்பாக வரும், இன்னொருத்திக்கு மூட்டு வலியாக, வேறொருத்திக்குச் சத்தமில்லாமல் சிறுநீரகத்தில். பரம்பரையில் எது அதைக் கொண்டுவருகிறது என்று அறிய, குடும்பம் குடும்பமாக ஒப்பிட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, பதுளை அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் இந்திரஜித் அவளைக் கூப்பிட்டார்.

"ஒங்க தோட்டத்துத் தகவல் ஒத்துவரலம்மா. ரத்தத்துல பாத்தா, ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் சம்பந்தமே இல்ல. பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்றாங்க."

எடுத்துவிட்டால், தோட்டத்தில் ஆய்வுக்குச் சேர்ந்த நாற்பது வீட்டுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் இலவச இரத்தப் பரிசோதனை நின்றுபோகும். கலாராணி பட்டியலைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்றாவது குடும்பத்தில் ஒன்பது பெண்கள். எல்லோருக்கும் கடைசிப் பெயர் ரெங்கசாமி.

"சார், இது ஒரு குடும்பமே இல்ல. ஒன்பது வேற வேற ரெங்கசாமி. சிலபேருக்கு அப்பா, சிலபேருக்குப் புருசன்."

பெண்கள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தவள் அவள்தான். கணினி கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது.

"பிழை என்னோடது சார். ரெண்டு வாரம் குடுங்க."

"எனக்கும் தோணலியே! என் மகன் பேருக்குப் பக்கத்துல என் பேரு, என் பேருக்குப் பக்கத்துல எங்கப்பா பேரு, சண்முகராஜா. கம்ப்யூட்டர் கணக்குல நானும் அவனும் வேற வேற குடும்பம்."

கொழுந்து நிறுத்து முடிந்த பின்நேரங்களில் அவள் லயம் லயமாக ஏறினாள். இம்முறை, யார் யார் வயிற்றில் பிறந்தவர் என்று கேட்டாள்.

"அக்கா யாரு, தங்கச்சி யாருன்னு துருவுறியே, என்னடி, மாப்பிள்ள பாக்க வந்தியா?" என்றாள் ராசம்மா, வீங்கிய விரல்களால் தேத்தண்ணியை நீட்டியபடி.

"ஆமா சித்தி, ஒங்களுக்குத்தான்."

"அப்ப கொஞ்சம் சீனி கூடப் போடுறேன்!"

முகத்தில் தடிப்புள்ள இராக்கம்மா, ராசம்மாவின் கூடப்பிறந்தவள். ஹல்துமுல்லைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன, சிறுநீரகம் பாதித்தவள் ராசம்மாவின் மூத்த மகள். பழைய பட்டியலில் மூவரும் மூன்று குடும்பம்.

இந்திரஜித் புதிய பட்டியலைக் கணக்கிட்டார். தடிப்பைத் தனியாக, வலியைத் தனியாக எடுத்தபோது எதுவும் தெளியவில்லை. எல்லா அறிகுறிகளையும் ஒரே நோயின் பல முகங்களாகச் சேர்த்துப் பார்த்தபோது, குடும்பத்துக்குக் குடும்பம் நோயாளிகளிடம் ஒரே மரபணுப் பகுதி திரும்பத் திரும்ப வந்தது.

"இது முடிவில்லம்மா, இன்னும் பாக்கணும். ஆனா ஒங்க தோட்டத்த இனி யாரும் எடுக்க முடியாது."

கலாராணி அடுத்த பரிசோதனைப் பட்டியலில் முதல் பெயராக ராசம்மாவின் இளைய மகளை எழுதினாள். அவளுக்கு இன்னும் ஒரு அறிகுறியும் இல்லை. பக்கத்தில், தாயின் பெயரை எழுதினாள்.