நான்காவது தப்பு

என் அம்மா ஆர்லிஸ் டோலெஃப்சன் பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறந்தாள். வயது எழுபத்து மூன்று. ஊர்ப் பத்திரிகையில் ஆறு வரி போட்டார்கள். லார்கின் பள்ளிப் பேருந்தை முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓட்டியவள். முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவள். இரண்டும் சரியான தகவல்கள். அந்த வகுப்பை அவள் ஏன் விட்டாள் என்று பத்திரிகை எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இருக்கலாம்.

மொன்டானாவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். ஒன்று விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடக் கறி. வகுப்பில் தேறிய சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. லார்கினில் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் அம்மா.

அவள் இதில் இறங்கியதற்கு ராண்டல் கீஸ் காரணம். அம்மாவின் பேருந்தில் வந்துகொண்டிருந்த பையன். முள்கம்பி வேலியைத் தாண்டிவிட்டு, தோட்டா இருந்த துப்பாக்கியைக் குழல் முனையைப் பிடித்து அந்தப் பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறான். அது வெடித்தது. அதன் பிறகு பல மாதங்கள் அம்மா அவன் வீட்டு நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தினாள். நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன். நிறுத்துவாள். கதவைத் திறப்பாள். மூடுவாள்.

வகுப்பு ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கும். நான்கு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம், ஒரு நாள் மேய்ச்சல் நிலத்தில் களத் தேர்வு. மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னால் வைத்து நிற்கும் மானைச் சுடக் கூடாது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. சுட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகுதான் ரத்தத் தடம் பார்த்துப் போக வேண்டும். அடிபட்டு ஓடிய மான் கிடைக்கவில்லையா, அந்த ஆண்டு உன் வேட்டை முடிந்தது. கடைசி விதி சட்டத்தில் இல்லை. அம்மா சேர்த்தது.

"கைக்கே கிடைக்காத மானை எதுக்கு மிசஸ் டி நம்ம கணக்குல எழுதணும்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பையன் கேட்பான். டோலெஃப்சனைச் சுருக்கிப் பிள்ளைகள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"செத்தது அந்த மானுக்குத் தெரியும்ல? அப்போ எழுது."

தேர்வில் ஒரு முறை துப்பாக்கியின் முனை ஓர் ஆளின் பக்கம் திரும்பினாலும் தேர்ச்சி இல்லை. பிள்ளை அழுதாலும், அப்பன் வந்து மேசையைத் தட்டினாலும், அம்மாவிடம் ஒரே பதில்: "அடுத்த ஆகஸ்ட் வா." ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்க மாட்டாள். மலையில் யாரும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள் என்பாள்.

களத் தேர்வன்று முதலில் அவளே நடந்து காட்டுவாள். வேண்டுமென்றே மூன்று தப்புகள் செய்வாள். நடக்கும்போது விரலை விசையில் வைப்பாள். பேசத் திரும்பும்போது குழல் முனையைப் பிள்ளைகளின் பக்கம் ஓட்டிவிடுவாள். தோட்டாவை எடுக்காமல் வேலியைத் தாண்டுவாள். பிள்ளைகள் வாய் திறக்காமல் அட்டையில் குறித்துக்கொண்டு, முடிவில் சொல்ல வேண்டும். துப்பாக்கி அவளுடைய சொந்தத் துப்பாக்கி. தோட்டா மட்டும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் போலி.

சுட முடியாதபடி அடைத்த பயிற்சித் துப்பாக்கிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வேட்டைத் துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை மடித்து இழுப்பறையில் போட்டாள். "பொம்மையைக் காட்டுனா பொம்மைப் பாடம்தான் படிக்கும்ங்க" என்றாள்.

நான் ஒன்பது ஆண்டுகள் அவளுக்கு உதவியாக இருந்தேன். என் வேலை நூற்றைம்பது மைல் தள்ளி, ஓர் எண்ணெய் ஆலையில். கொதிகலன்களையும் குழாய்களையும் சோதிப்பவள். வெல்டிங்கில் முடி அளவு விரிசல் தெரிந்தால் சிவப்பு அட்டை கட்டுவேன். அந்த நேரமே நிறுத்த வேண்டும். மேலாளர் கெஞ்சினாலும் கழற்ற மாட்டேன். சிக்னேவுக்கு அம்மாவிடமிருந்து வந்த குணம் என்று ஆலையில் என்னைச் சொல்வார்கள்.

அவள் கடைசியாக வகுப்பு எடுத்த ஆண்டு, ஏப்ரலில், அம்மாவின் ஆரஞ்சு வேட்டை அங்கியை ஆணியிலிருந்து எடுத்தேன். கனமாக இருந்தது. பையில் நான்கு நிஜத் தோட்டாக்கள். வேட்டைக் காலம் முடிந்த அன்றே தோட்டாக்கள் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும் என்று முப்பதாண்டு சொன்னவள் அவள். அதற்கு முந்தைய வாரம் ஒரே செய்தியைத் தொலைபேசியில் மூன்று முறை சொல்லியிருந்தாள். நான்கையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உள்பையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை.

ஆகஸ்டில் பதினொரு பிள்ளைகள். அம்மா அங்கியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். விரலை விசையில் வைத்தாள். திரும்பிப் பேசினாள், குழல் முனை பதினொரு பேர் மீதும் ஊர்ந்து போனது. வேலியைத் தாண்டினாள். முடிந்ததும், "சொல்லுங்க, எத்தனை?" என்றாள்.

"மூணு!" என்று கத்தினார்கள்.

"நாலு" என்றாள் ஒருத்தி. மேவ் ஸ்ட்ராம். பதினொரு வயது, ஒல்லி, கண்ணாடி போட்டவள்.

"மூணுதான்டி, கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாரு" என்றான் ஒரு பையன்.

"எத்தனைன்னு அவ சொல்லட்டும். நாலாவது என்ன?" என்றாள் அம்மா.

"நீங்க போட்ட தோட்டா ஆரஞ்சு கலர் இல்ல, மிசஸ் டி. மஞ்சளா, பித்தளை மாதிரி இருந்துச்சு. உள்பையிலேர்ந்து எடுத்தீங்க."

அம்மா குழலைத் தரை நோக்கித் தாழ்த்தி, தோட்டா அறையைத் திறக்கும் போல்ட்டை இழுத்தாள். பித்தளைத் தோட்டா புல்லில் விழுந்தது. விசையைத் தடுக்கும் சேஃப்டி தாழ் மட்டும் போட்டிருந்தாள். அந்தத் தோட்டாவுக்கும் பதினொரு பிள்ளைகளுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு சின்னத் தாழ்தான்.

அந்தப் பையன் சிரித்தான். "சூப்பர் மிசஸ் டி! இதுவும் வேணும்னே பண்ணதுதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதற்கு வழி விட்டிருந்தான். பிள்ளைகள் நம்பியிருப்பார்கள், பெற்றோருக்கும் அப்படியே போயிருக்கும்.

"இல்லப்பா. இது வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியவே இல்ல" என்றாள் அம்மா.

என்னிடமிருந்து மதிப்பெண் தாளை வாங்கினாள். பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினாள். எழுத்து நேராக இருந்தது. மாலை வண்டிகளில் வந்து நின்ற பெற்றோர் ஒவ்வொருவரிடமும் அவளே போய்ச் சொன்னாள். ஒருவர் அவள் முகத்துக்கு நேராகக் கத்தினார். கத்த வேண்டிய விஷயம்தான். அம்மா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

வகுப்பு ரத்தானது. யாருக்கும் சான்றிதழ் இல்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள், இன்னும் வரும் என்றார்.

"எப்போ வரும்?" என்றாள் அம்மா.

"சொல்ல முடியாதும்மா."

"சரி. அதுக்குள்ள நான் ஒரு பரீட்சை எழுதணும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். தேறாத பிள்ளைக்கு என்ன விதியோ, அதுவே தனக்கும். அடுத்த ஆகஸ்ட் வர வேண்டும். தேறினால் மறுபடி மலைக்குப் போகலாம். தேறும்வரை துப்பாக்கியைத் தொடுவதில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த நவம்பரில் அவள் வேட்டைக்குப் போகவில்லை. குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து, தானே கற்றுக்கொடுத்த பாடப் புத்தகத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தாள்.

அடுத்த வகுப்பை நானும் லோவெல் ப்ரூயிட்டும் எடுத்தோம். லோவெல் ஓய்வு பெற்ற தபால்காரர். அம்மாவுக்கு அடுத்த வீடு. துப்பாக்கிகள் அனைத்தும் அடைத்தவை. மேவ் உட்படப் பழைய பிள்ளைகள் வந்தார்கள். அம்மா அவர்களுக்கு நடுவே சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

"மிசஸ் டி, என் பேப்பரைப் பாத்து எழுதாதீங்க" என்றான் பக்கத்திலிருந்த பையன்.

"உன் எழுத்தைப் படிக்க எனக்கு இன்னும் ரெண்டு கண்ணாடி வேணும்டா."

எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. வகுப்பில் அதுதான் அதிகம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா சிவந்துபோனாள். அன்று அவளை வீட்டில் விட்டபோது, எந்த ஓடையில் முதலில் போய் எல்க் தேடலாம் என்று என்னிடம் கேட்டாள்.

களத் தேர்வில் இருவர் இருவராக நடக்க வேண்டும். அம்மாவுக்குத் துணை மேவ். அம்மாவே அவளைக் கேட்டு வாங்கினாள். வேலியில் போல்ட்டைத் திறந்தாள், துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் படுக்க வைத்தாள், முனையை வெளிப்பக்கம் திருப்பினாள், தாண்டினாள். ஒரு குறை இல்லை. விரல் விசைப் பக்கமே போகவில்லை. லோவெல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைசி இடம் பள்ளம். அங்கே பலகையில் வெட்டிய எல்க் பக்கவாட்டில் நின்றது, பின்னால் மண்மேடு. நல்ல இலக்கு. துணையாக வரும் பிள்ளை இடப்பக்கம் இறங்கி, நாற்பதடி தள்ளி ஜூனிப்பர் புதரோரம் நிற்க வேண்டும். மேவ் போய் நின்றாள். ஆரஞ்சுத் தொப்பி நன்றாகத் தெரிந்தது.

"சுடலாமா?" என்றேன்.

"சுடலாம். பின்னாடி மண்ணு. பக்கவாட்டுல நிக்குது. தோளுக்குப் பின்னால வைப்பேன்."

"உங்க கூட்டாளி எங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். "எந்தக் கூட்டாளி?"

புல் மீது காற்று போனது. மேவ் தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். அப்படிச் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

லோவெல் என் பக்கம் குனிந்தார். "காத்துச் சத்தம், சிக்னே. காதுல விழுந்திருக்காது. இன்னொரு தரம் கேளும்மா."

விழுந்தது. பதில் சொன்னாளே. அம்மாவின் கண்கள் பள்ளம் முழுக்கத் தேடின; தொப்பியைக் கண்டதும் அவள் முகம் மாறியது. அதற்குள் நான் கேள்வி கேட்டு முடித்திருந்தேன். தாளில் எழுதினேன். தேர்ச்சி இல்லை. என் கையெழுத்துதான் அதில் இருக்கிறது.

மேவ் தேறினாள். ஆனால் மேலே வந்ததும், "என்னாலதான் மிசஸ் டி" என்று அழுதாள்.

"நீ நிக்க வேண்டிய எடத்துலதான் நின்ன. நான்தான் உன்னைத் தொலைச்சேன். மூக்கைத் தொடை" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் போகும் வழியில் பதினான்கு மைல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு, "சரியாத்தான் போட்ட" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "உன்னை இன்னைக்குப் பாக்கவே புடிக்கல. சாப்பாட்டுக்கு நிக்காத" என்றாள். நான் நிற்கவில்லை.

செப்டம்பரில் துப்பாக்கி அலமாரியின் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை என் சாவி வளையத்தில் மாட்டினேன். அதற்குப் பிறகு வேகமாகச் சரிந்தாள். அக்டோபரில் ஓர் அடைப்பு, நவம்பரில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு படி கீழே. லோவெல் தினமும் இரண்டு முறை வந்து பார்த்தார். நான் சனிக்கிழமைகளில் வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று நண்பகலில் நானும் அம்மாவும் மட்டும் சாப்பிட்டோம். மேவ் நவம்பரில் தன் முதல் எல்க்கைச் சுட்டிருந்தாள். முதுகுக் கறியில் ஒரு துண்டை வெள்ளைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்திருந்தாள். அதை வாட்டி வைத்திருந்தேன்.

"நல்ல கறி. யாரு சுட்டது?" என்றாள் அம்மா.

"மேவ்."

"யாரு மேவ்?"

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். ஒரு டீச்சர் இருந்தார். மூன்று தப்பு செய்து காட்டுவார். அவருக்கு மறதி தொடங்கியதை ஒருத்தி ஏப்ரலிலேயே பார்த்தாள். அங்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்தாள், உள்பையைப் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஒரு சின்னப் பெண் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆலையில் அறிக்கை கொடுப்பதைப் போல வரிசையாகச் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது. அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"அந்த டீச்சர்?"

"மறுபடி பரீட்சை எழுதினாங்க. ஃபெயில் போட்டாச்சு."

"அதுதான் சரி. யாரு போட்டது?"

"நான்தான்."

"ஏப்ரல்ல பாத்தும் பேசாம இருந்தவ?"

"அதுவும் நான்தான்."

வெகு நேரம் என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்கும் பார்வை. பேருந்தில் ஏற நிற்கும் பிள்ளையை அப்படித்தான் பார்ப்பாள்.

"உங்கம்மாகிட்ட சொன்னியா இதையெல்லாம்?"

"இல்ல."

"சொல்லிடு. திட்டுவாங்க. திட்டட்டும்."

"சரி, சொல்றேன்" என்றேன். அவள் கரண்டியை எடுத்து மீதிக் கறியைச் சாப்பிடத் தொடங்கினாள்.