வயிற்றைக் காயப் போட்ட நான்கு நாட்கள்

வெள்ளிக்கிழமை காலை ஜட்ஜம்மாவின் தட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். நடந்த தப்பு மொத்தமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பூனையும் சாப்பிடாமல் கிடக்கிறது, என்ன செய்வது என்று தேடித்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

ஜட்ஜம்மாவுக்கு வயது எட்டு. எடை அப்போது ஐந்தே முக்கால் கிலோ. விரித்த பேப்பரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்பவரை மேலும் கீழும் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக வைத்த பெயர். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடி வீட்டில் நான், என் மனைவி மாலதி, அவள், ஆக மூன்று பேர். மாலதிக்குக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை. நான் கோடம்பாக்கத்தில் ஒரு பிலிம் லேப்பில் முப்பது வருடம் படச்சுருள் கழுவி ஓய்வு பெற்றவன். பகல் முழுக்க வீட்டில் நானும் ஜட்ஜம்மாவும்தான் இருப்போம்.

அந்தப் புதன்கிழமை எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வாடை வீட்டுக்குள் வந்து நிறைந்தது. புதனும் வியாழனும் அவள் பாதித் தட்டோடு நிறுத்திக்கொண்டாள். வியாழன் மாலை ஒருமுறை வாந்தி எடுத்தாள். வெள்ளியன்று எதையும் தொடவில்லை.

எங்கள் குடும்பத்தில் வயிறு சரியில்லை என்றால் ஒரே வைத்தியம்தான். வயிற்றைக் காயப் போட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு கிடையாது, சுக்கு வெந்நீர் மட்டும். என் அப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான். போதாததற்கு நான் சனிக்கிழமை தவறாமல் ஒருபொழுது இருப்பவன். இரவு ஒருவேளைதான் சாப்பாடு; அதுவரை வெறும் வயிற்றோடு நடமாடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ‘பசிக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்வது எனக்குத் தோற்றுப்போன மாதிரி. அதனால் ஜட்ஜம்மா தட்டை ஒதுக்கியபோது நான் பயப்படவில்லை. அவளை மெச்சினேன்.

சனிக்கிழமை என் அக்காவுக்கு போன் செய்து, எங்கள் வீட்டில் இப்போது ஒருபொழுது இருப்பவர்கள் இரண்டு பேர் என்று சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலதி, டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றேன். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் ஜட்ஜம்மா தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் தண்ணீர் குறையவே இல்லை. குடிக்க வேண்டும் என்று தெரிந்தும் குடிக்க முடியாதவள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எழுந்தேன். பரணிலிருந்து பாலாடையை எடுத்தேன். குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் அந்த மூக்குக் கிண்ணத்தில் இளநீர் ஊற்றி அவள் வாயில் விட்டேன். புரையேறித் திமிறினாள். என் கையைக் கீறிவிட்டு ஓடிப்போய் பிரிட்ஜுக்குப் பின்னால் புகுந்துகொண்டாள். திங்கள் முழுக்க அங்கேயே இருந்தாள்.

(வாயில் பலவந்தமாக எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டிவிடலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் செய்த இரண்டாவது தப்பு இது.)

செவ்வாய்க்கிழமை காலை மாலதி அவளை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மடியில் போட்டுக்கொண்டாள். காதை மடித்துப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். காதின் உட்புறம் மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்த மாதிரி மஞ்சளாக இருந்தது. ஈறும் மஞ்சள். மாலதி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையில் பழைய துண்டை விரித்தாள்.

அடையாறு பக்கம் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். டிரைவர் கண்ணாடியில் கூடையைப் பார்த்தார். எத்தனை நாளாய்ச் சாப்பிடவில்லை என்று கேட்டார். நான் சொன்னதும் வேகத்தைக் கூட்டினார்.

“இன்னா சார் நீ, இவ்ளோ நாளா வுட்டுக்கினு கீற. நாயி தாங்கும் சார், பூனை பட்டினி தாங்காது. எங்க வூட்ல ஒண்ணு அப்டியே போய்ட்ச்சு.”

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பிலிம் லேப்பில் கரைசலுக்குள் சுருள் அரை நிமிடம் கூடுதலாக நின்றால் பதறிப்போகிறவன் நான். நேரத்தின் அருமையை மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன். ஒரு உயிரை நான்கு நாட்கள் சும்மா விட்டிருக்கிறேன்.

டாக்டர் இளம்பெண். ஜட்ஜம்மாவின் முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது உடனே படியாமல் அப்படியே நின்றது. நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது) என்றார். பிறகு என்னைப் பார்த்து, கடைசியாக எப்போது தானாகச் சாப்பிட்டாள் என்று கேட்டார்.

“சனிக்கிழமை, டாக்டர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திட்டு வாங்கப் பயந்தேன். அறுபது வயதில், மகள் வயதில் இருக்கும் ஒரு பெண்ணிடம், ஒரு பூனையின் உயிரை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

“வியாழக்கிழமை” என்றாள் மாலதி. “வியாழக்கிழமை சாயங்காலம் அரைத் தட்டு. அதையும் வாந்தி எடுத்துட்டா.”

டாக்டரின் பேனா நின்றது. எழுதியதை அடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து மதியம் முடிவு சொன்னார். கல்லீரல் கொழுப்பேற்றம். பூனை சில நாட்கள் சாப்பிடாவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அவ்வளவையும் சமாளிக்கும்படி பூனையின் கல்லீரல் அமையவில்லை. அது கொழுப்பில் மூழ்கி வேலையை நிறுத்த, காமாலை வருகிறது. குமட்டல் கூடுகிறது. குமட்டலால் இன்னும் சாப்பிடாது. குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். பெயின்ட் வாடையும் வயிற்றுக் கோளாறும் ஆரம்பம்தான், வியாதியாக மாறியது பட்டினியால்தான் என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

“இதுக்கு மருந்து சாப்பாடுதான் சார். அவளா சாப்பிட மாட்டா, நாமதான் உள்ள அனுப்பணும். இந்த வாரத்தைத் தாண்டிட்டான்னா நம்பிக்கை இருக்கு.”

அன்று சலைன் ஏற்றினார்கள். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து உணவுக்குழாய்க் குழாய் (கழுத்தின் பக்கத்தில் சிறு துளையிட்டு உணவுக்குழாய்க்குள் இறக்கும் மெல்லிய ரப்பர் குழாய்) பொருத்தினார்கள். முதல் நாள் தேவையில் கால் பங்குதான் கொடுத்தார்கள். காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகிவிடுமாம். நான் மூன்று நாட்கள் அந்தக் கிளினிக்கின் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதாவது ஒரு பூனை கத்தினால் எழுந்து நிற்பேன். கத்தியது ஒருமுறைகூட அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுத்தில் துணிப்பட்டை, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய், சிரைத்த இடத்தில் மஞ்சள் தோல். ஜட்ஜம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய மேலும் கீழுமான பார்வைகூட இல்லை.

காலை ஆறு, பத்து, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு ஒன்பது. இதுதான் கால அட்டவணை. அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் கட்டம் போட்டேன். கிளினிக்கில் கொடுத்த உணவுத்தூளை வெந்நீரில் கூழாகக் கரைத்து, வடிகட்டி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு சிரிஞ்சில் கூழ், கடைசியில் மறுபடி தண்ணீர், குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. ஒரு வேளைக்கு இருபது நிமிடம். அவசரப்படக் கூடாது.

நான் அவசரப்பட்டேன். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், ஒரு மணி வேளை, சிரிஞ்சைக் கொஞ்சம் வேகமாக அழுத்திவிட்டேன். அவள் உதட்டை நக்கினாள், எச்சில் ஒழுகியது, உடம்பு முழுவதும் குலுங்கி அத்தனையையும் கக்கினாள். குழாயும் வாய் வழியே வந்துவிடுமோ என்று டாக்டருக்கு போன் செய்தேன். குழாயில் போட்ட குறி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. ஒரு மணி நேரம் விட்டு, பாதி அளவு, பாதி வேகத்தில் கொடுக்கச் சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் அவள் விலா ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று ஒரு முட்டாள்தனமான பயம்.

மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் தானாகச் சாப்பிடும் வரை நானும் சாப்பிடப் போவதில்லை. பிராயச்சித்தம் என்று நினைத்தேன். மதியம் வரை வெறும் தண்ணீரோடு இருந்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்த மாலதி, சாப்பாடு மூடியபடியே இருந்ததையும் என் முகம் வேர்த்திருந்ததையும் பார்த்துவிட்டாள். நான் காரணம் சொன்னேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். “இந்த வீட்ல ஒருத்தர் பட்டினி கிடந்தது பத்தாதா?” என்றாள். அத்தனை நாட்களில் அவள் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு முறைதான். பிறகு என் தட்டைக் கொண்டுவந்து தரையில், ஜட்ஜம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இனிமேல் மூன்று வேளையும் இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சனிக்கிழமையும் சேர்த்து என்றாள்.

டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருந்தார். சாப்பாட்டு வாசனையே அவளுக்குக் குமட்டலாக மனதில் பதிந்திருக்கும், கெஞ்ச வேண்டாம், வாயருகே கொண்டுபோக வேண்டாம், வீட்டில் சாப்பாடு என்பது சாதாரணமாக நடக்கட்டும் என்று. நான்தான் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரில் சாப்பிட்டேன். முதல் சில நாட்கள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் குறைகிறதா என்று தினமும் அதே ஜன்னலில், அதே நேரத்தில் காதை மடித்துப் பார்த்தேன். குறைகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாவது சனிக்கிழமை. மதியம் ஒன்றரை. குழாய் வழியாக அவளுக்குக் கொடுத்து முடித்து, நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜட்ஜம்மா எழுந்தாள். குழாய் ஆட, கால் தள்ளாட, நான்கு அடி நடந்து வந்தாள். என் தட்டின் விளிம்பில் வழிந்திருந்த தயிரை முகர்ந்தாள். ஒரு நக்கு. நின்றாள். இன்னும் இரண்டு நக்கு.

நான் மூச்சு விடவில்லை. மாலதியைக் கூப்பிடவும் பயம். பழைய வழக்கப்படி ஒருபொழுது இருந்திருந்தால் அந்தத் தட்டே அங்கே இருந்திருக்காது. இதை நினைத்ததும் அழுதுவிட்டேன். அவள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேகவைத்து முள் எடுத்த சங்கரா மீன், விரல் நுனியளவு. அதற்கடுத்த நாள் இரண்டு. கொடுக்கும் கூழைக் குறைத்துக்கொண்டே வந்து, அவள் எடை நிலைத்து நின்ற பிறகு குழாயை எடுத்தார்கள். துளை தானாகவே மூடிக்கொண்டது. அந்த இடத்தில் முடி மட்டும் சுழியாக முளைத்திருக்கிறது.

கடைசிப் பரிசோதனைக்கு அதே கிளினிக், அதே மேசை. ரத்தம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, டாக்டர் வழக்கம் போலக் கேட்டார்.

“கடைசியா எப்ப சாப்பிட்டா?”

நான் மாலதியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலைல பத்து அஞ்சுக்கு, டாக்டர். மீன். கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டா” என்றேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். கூடைக்குள் ஜட்ஜம்மா விடாமல் கத்தினாள். அவள் எதற்குக் கத்துகிறாள் என்று தெரிந்தது, ஏனென்றால் என் வயிறும் அதே நேரத்தில் கூவியது. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மணி ஆகியிருந்தது.

“பசிக்குது, மாலதி” என்றேன்.